பால் கட்டுதானே என்று இருந்துவிடாதீர்கள்

போன மாதம் ஒரு வாசகி, கர்ப்பமாக இருக்கும்போது மார்பகப் புற்றுநோய் வருமா என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். வரும், ஆனால் அபூர்வம், சுமார் 3000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு என்று நானும் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் படித்தபோது அந்தப் பதில் போதவில்லை என்று புரிந்தது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். யார், எந்த ஊர் என்று எதையும் போடவில்லை.

டாக்டர், என் குழந்தைக்கு நாலு மாதம் ஆகிறது, தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். இடது மார்பில் அக்குள் பக்கமாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. பால் கட்டியிருக்கும், ஒத்தடம் கொடு, குழந்தையை அடிக்கடி குடிக்க விடு என்று அம்மா சொன்னார். அப்படியே செய்கிறேன். ஐந்து வாரம் ஆகியும் கட்டி அப்படியேதான் இருக்கிறது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா? பால் கொடுக்கும்போது ஸ்கேன் எல்லாம் எடுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். ஐந்து வாரம் பொறுத்ததே அதிகம்.

உங்கள் அம்மா சொன்னதில் தப்பில்லை, முதல் இரண்டு நாளுக்கு அதுதான் சரியான யோசனை. பால் கட்டினால் எப்படி இருக்கும் என்று பார்த்தால், வலிக்கும், தொட்டால் கூசும், குழந்தை நன்றாகக் குடித்த பிறகு கட்டி சின்னதாகும் அல்லது இளகும், ஒன்றிரண்டு நாளில் காணாமலே போய்விடும். உங்கள் கட்டி இதில் எதையும் செய்யவில்லை. குழந்தை குடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே அளவில், ஒரே இடத்தில், வலியில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் கரையாத எந்தக் கட்டியையும், கர்ப்பமானாலும் சரி, பால் கொடுக்கும் காலமானாலும் சரி, சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் வரும் கட்டிகளில் பத்தில் எட்டு சாதாரணக் கட்டிகளாகத்தான் இருக்கும். பால் தேங்கி உருவாகும் நீர்க்கட்டி இருக்கலாம், ஏற்கெனவே இருந்த நார்க்கட்டி கர்ப்ப கால ஹார்மோனால் பெரிதாகியிருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்த்து இது அதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது, முப்பது வருட அனுபவம் உள்ள மருத்துவராலும் முடியாது. பால் சுரக்கும் மார்பு முழுவதுமே கனத்து, முடிச்சு முடிச்சாக இருக்கும், அதற்குள் ஒரு கட்டி சுலபமாக மறைந்துகொள்ளும். இந்தப் புற்றுநோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பெரிய காரணமே இதுதான். அந்தப் பெண்ணும் பால் கட்டு என்று நினைக்கிறார், வீட்டிலும் அப்படியே சொல்கிறார்கள், சில சமயம் மருத்துவரும் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். மாதங்கள் ஓடிவிடுகின்றன.

சரி, என்ன சோதனை? முதலில் அல்ட்ராசவுண்ட். அதில் கதிர்வீச்சே கிடையாது. தேவைப்பட்டால் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. பால் கொடுப்பவர்களுக்கு அதில் எந்த ஆபத்தும் இல்லை, பாலும் கெட்டுப்போகாது, எடுத்த அடுத்த நிமிடமே குழந்தைக்குக் கொடுக்கலாம். ஸ்கேனுக்குப் போவதற்குச் சற்று முன் குழந்தைக்குப் பால் கொடுத்து மார்பைக் காலி செய்துவிட்டுப் போங்கள், படம் தெளிவாக வரும், உங்களுக்கும் வலி குறைவாக இருக்கும். கட்டி சந்தேகமாகத் தெரிந்தால் பயாப்ஸி. அதாவது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சற்றுத் தடித்த ஊசியால் திசுவை மெல்லிய குச்சி போல எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை பால் சுரக்கும் காலத்தில் அவ்வளவு நம்பகமானது இல்லை, பால் சுரக்கும் செல்களே கொஞ்சம் விபரீதமாகத் தெரியும் என்பதால் குழப்பம் வரும். அதனால் சோதனைக்கூடத்துக்குப் போகும் சீட்டில் 'பால் கொடுக்கும் தாய்' என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ஒரு வரி இல்லாமல் அறிக்கை தப்பாகப் போக வாய்ப்பு உண்டு.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று யாராவது கட்டாயம் உங்களிடம் சொல்வார்கள். பரவாது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் பால் கசியலாம், அது அபூர்வம், ஆறிவிடும். அதற்காகச் சோதனைக்கு முன்பே பாலை நிறுத்த வேண்டியதில்லை.

எனக்கு 22 வாரம். முதல் குழந்தை. மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் குழந்தையைக் கலைத்துவிட்டு உன் உயிரைக் காப்பாற்றிக்கொள் என்கிறார்கள். மருத்துவமனையில் கர்ப்பத்தோடே கீமோ கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. குழந்தை வயிற்றில் இருக்கும்போது கீமோவா? யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். உங்கள் மருத்துவமனை சொல்வது சரி.

வீட்டில் இருப்பவர்கள் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்மையில்லை. கர்ப்பத்தைக் கலைத்தால் புற்றுநோய் குறையும், தாய் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று நினைக்கிறார்கள். அப்படிக் கூடுவதாக எந்த ஆய்விலும் தெரியவில்லை. ஒரே வயதில், ஒரே கட்டத்தில், ஒரே வகைப் புற்றுநோய் உள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொண்டால், ஒருவர் கர்ப்பமாக இருக்கும்போது நோய் கண்டுபிடிக்கப்பட்டவர், இன்னொருவர் கர்ப்பமில்லாதவர் என்றால், இருவருக்கும் தாமதமில்லாமல் சரியான சிகிச்சை கிடைத்தால் பலனும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவா குழந்தையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி உங்களை நிற்க வைத்திருக்கிறார்கள். 22 வாரத்தில் பெரும்பாலும் அப்படித் தேர்ந்தெடுக்கும் அவசியமே வருவதில்லை.

கீமோ விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையின் இதயம், மூளை, கை கால் எல்லாம் உருவாவது முதல் மூன்று மாதத்தில். அப்போது கீமோ கொடுத்தால் ஊனம் வரும் ஆபத்து நிஜமாகவே உண்டு, அதனால் அந்தக் காலத்தில் கொடுப்பதில்லை. 14 வாரம் தாண்டும்போது உறுப்புகள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுகின்றன, பிறகு வளர்ச்சிதான் முக்கியமாக நடக்கிறது. அதன் பிறகு டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளைக் கர்ப்பிணிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுத்து வருகிறார்கள். அந்தக் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்றும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2015இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தாய்க்குப் புற்றுநோய் இருந்தபோது கருவில் இருந்த 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள், அவர்களில் 96 பேர் கீமோவுக்கு உட்பட்டவர்கள். ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் அவர்களுடைய வளர்ச்சியையும் அறிவுத்திறனையும் இதயத்தையும் சோதித்து, மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். கீமோவினால் வித்தியாசம் தெரியவில்லை. அறிவுத்திறனைப் பாதித்தது குறைப்பிரசவம்தான்.

இதை உங்கள் மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி வரும் மாதங்களில், 'குழந்தையைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டு அப்புறம் நிம்மதியாகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமே' என்று யாராவது சொல்வார்கள், உங்களுக்கே கூடத் தோன்றும். வேறு மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். 37 வாரம் வரை போக முடிந்தால் அதுதான் குழந்தைக்கு நல்லது. கீமோவை 34, 35 வாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், கடைசி டோஸுக்கும் பிரசவத்துக்கும் நடுவே மூன்று வாரமாவது இடைவெளி விடுவார்கள். கீமோவுக்குப் பிறகு ரத்த அணுக்கள் இறங்கும், அந்த நேரத்தில் பிரசவம் ஆனால் உங்களுக்கும் குழந்தைக்கும் தொற்றும் ரத்தப்போக்கும் வரும் ஆபத்து இருப்பதால்தான் இந்த இடைவெளி. சில குழந்தைகள் எடை கொஞ்சம் குறைவாகப் பிறக்கிறார்கள், ஆகவே வளர்ச்சி ஸ்கேன் மற்றவர்களைவிட அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும்.

அறுவை சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம். ரேடியேஷன் பிரசவத்துக்குப் பிறகுதான். ஹார்மோனைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரையும் அப்படியே, வயிற்றில் குழந்தை இருக்கும்போது கூடாது. உங்கள் அறிக்கையில் ஹெர்2 பாசிட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை) என்று இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அது பனிக்குட நீரை வற்றச் செய்யும், அதனால் அதையும் பிரசவம் முடிந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பெட் ஸ்கேன், சிடி ஸ்கேன் இப்போது வேண்டாம். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க, வயிற்றை மறைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்ரே, கல்லீரல் அல்ட்ராசவுண்ட், அவசியமானால் மருந்து ஏற்றாத எம்ஆர்ஐ, இவை போதும்.

ஒன்று மட்டும் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டும். புற்றுநோய் மருத்துவரும், மகப்பேறு மருத்துவரும், பிறந்த குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவரும் உங்களைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசியாக வேண்டும். நீங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக அலைந்து, இவர் சொன்னதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி ஒரு நிலை இருந்தால், மூவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு மாறிக்கொள்ளுங்கள். வீட்டில் ரொம்பக் குரல் கொடுப்பவர் யாரோ அவரையே அடுத்த தடவை கூட அழைத்துப் போங்கள். அவர் பயப்படுவது எல்லாவற்றையும் மருத்துவரிடமே நேராகக் கேட்கட்டும், நீங்கள் நடுவில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் மனைவிக்கு 9 வாரம். போன வாரம் மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன முடிவு எடுக்க வேண்டும்?

தம்பி, 22 வாரத்தைவிட 9 வாரம் கடினமான நேரம், அதை மறைக்கப் போவதில்லை. கீமோ இப்போது கொடுக்க முடியாது. கட்டி சின்னதாக, அறுவை சிகிச்சை செய்யக்கூடியதாக இருந்தால் வழி இருக்கிறது. இப்போது அறுவை சிகிச்சையை முடித்துவிட்டால், புண் ஆறி வரும்போது 14 வாரம் தாண்டிவிடும், கீமோ தேவையென்றால் அப்போது ஆரம்பிக்கலாம். பலருக்கு இப்படித்தான் நடக்கிறது, சிகிச்சையில் பெரிய தாமதமும் இல்லை.

ஆனால் நோய் வேகமாக வளரும் வகையாகவோ ஏற்கெனவே பரவியதாகவோ இருந்து, கீமோவை உடனே தொடங்கியாக வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற பேச்சு வரத்தான் செய்யும். அந்த முடிவு உங்கள் மனைவியுடையது. 'நாங்கள் என்ன முடிவு எடுக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள், அக்கறையோடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனாலும் சொல்கிறேன்: அவரிடம் எல்லா விவரமும் போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. பயந்துவிடுவார் என்று அறிக்கையை ஒளித்து வைக்காதீர்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம் பால் கொடுத்த பிறகுதான் எனக்குப் புற்றுநோய் என்றே தெரிந்தது. அந்த மார்பில்தான் அதிகமாகக் கொடுத்தேன். என் பால் வழியாகக் குழந்தைக்கும் வந்திருக்குமா? ராத்திரி தூக்கமே இல்லை.

வராது. பால் வழியாகப் புற்றுநோய் ஒட்டாது. நீங்கள் கொடுத்த ஆறு மாதப் பாலும் நல்ல பால்தான். அதனால் உங்கள் குழந்தைக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.

ஆனால் கீமோ, டாமாக்சிஃபென், டிராஸ்டுசுமாப் எதை ஆரம்பித்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் அந்த மருந்துகள் பால் வழியாகக் குழந்தைக்குப் போய்விடலாம். பால் வற்ற மாத்திரை இருக்கிறது, மருத்துவர் எழுதிக் கொடுப்பார். திடீரென்று நிறுத்தும்போது மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், குழந்தையும் இரண்டு மூன்று நாள் அழும், அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்களுக்கு கீமோவைவிடக் கஷ்டமாக இருக்கலாம். அந்த நாட்களில் பாட்டிலை வேறு யாராவது கொடுக்கட்டும். உங்கள் உடம்பின் வாசனை பட்டால் குழந்தை பாலைத் தேடும். பசி அடங்கியதும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 31 வயது. குழந்தை பிறந்து எட்டாவது மாதம் மார்பகப் புற்றுநோய் வந்தது. குழந்தை பெற்று, பால் கொடுத்தால் இந்த நோய் வராது என்றுதானே சொன்னார்கள்? கர்ப்பத்தால்தான் வந்ததா? அவள் என்ன தப்பு செய்தாள்?

எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை, பாதி உண்மை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் ஒரு கணக்கு வந்தது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதமும், பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 சதவீதமும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது. குறைகிறது என்றுதான் சொன்னார்கள், வரவே வராது என்று சொல்லவில்லை. அதோடு அந்தப் பாதுகாப்பு வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு. குழந்தை பிறந்ததும் சில வருடங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடி, அப்புறம் மெதுவாக இறங்குகிறது. பால் நின்ற பிறகு மார்பகம் பழைய நிலைக்குச் சுருங்கும்போது புண் ஆறுவதுபோல உள்ளே நடக்கும் மாற்றங்கள், அங்கே ஏற்கெனவே இருக்கும் புற்றுச் செல்களுக்குச் சாதகமாகிவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இளம் தாய்மார்களில் மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது. அந்தச் சிலரில் உங்கள் மகளும் ஒருவர் ஆகிவிட்டார்.

இந்த வயதில் வந்திருப்பதால் பிஆர்சிஏ மரபணுச் சோதனை, அதாவது பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான சோதனை, செய்யச் சொல்வார்கள். செய்யுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்கவும் அது உதவும், உங்களுக்கும் உங்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே கவனமாக இருக்கவும் உதவும். மரபணுவில் ஏதாவது தெரிந்தால் அது அப்பா வழியாகவும் வந்திருக்கலாம், அம்மா வழியாகவும் வந்திருக்கலாம். எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று அவள் முன்னால் யாரும் பேச ஆரம்பிக்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பத்தின்போது புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, குழந்தையும் நலம். இரண்டு வருடமாக டாமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். இன்னும் ஒரு குழந்தை ஆசை. தப்பா?

தப்பே இல்லை. இதற்கு இப்போது நல்ல பதிலும் இருக்கிறது. 'பாசிட்டிவ்' என்ற ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய்க்கு 18 முதல் 30 மாதம் வரை மாத்திரை சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்காக இரண்டு வருடம் வரை நிறுத்திக்கொண்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பியது 8.9 சதவீதம் பேருக்கு, நிறுத்தாத பெண்களின் ஒப்பீட்டுக் கணக்கில் அது 9.2 சதவீதம். நிறுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குழந்தை பெற்றுவிட்டார்கள். நீண்ட கால முடிவுகள் இன்னும் வர வேண்டும், அதனால் உங்கள் நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை வைத்து உங்கள் மருத்துவர்தான் சரியென்று சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு முயற்சி செய்யாதீர்கள். அந்த ஆய்விலேயே மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் கர்ப்பத்துக்கு முயன்றார்கள். குழந்தை பிறந்து, கொஞ்ச நாள் பால் கொடுத்த பிறகு விட்ட இடத்திலிருந்து மாத்திரையை மறுபடியும் தொடர வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கர்ப்பத்துக்கு முயலும்வரை கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை வேண்டாம், காப்பர்-டி போன்றவை போதும்.

பிரசவமாகி மூன்று மாதம். வலது மார்பு சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது. மார்பில் தொற்று என்று சொல்லி இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. சிவப்பு குறையவில்லை, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. மூன்றாவது தடவையும் மாத்திரை வாங்கிக்கொள்ளவா?

இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இன்னொருவர் இருக்கலாம் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மூன்றாவது தடவை மாத்திரை வேண்டாம். பால் கொடுக்கும்போது வரும் தொற்றுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும், வலி கடுமையாக இருக்கும், சரியான மருந்து கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் குறைய ஆரம்பிக்கும். குறையாவிட்டால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், அதை ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஆனால் கட்டியே தட்டுப்படாமல், தொற்று மாதிரியே சிவந்து வீங்கி வரும் ஒரு வகைப் புற்றுநோயும் உண்டு, நீங்கள் சொல்லும் அந்த ஆரஞ்சுத் தோல் அதன் அடையாளங்களில் ஒன்று. அது வேகமாக முன்னேறும், வாரங்கள் முக்கியம். அல்ட்ராசவுண்டோடு தோலிலிருந்தும் ஒரு சின்னத் துண்டு பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். 'பால் கொடுப்பவர்களுக்கு இது சகஜம்' என்று மறுபடியும் சொன்னால், இரண்டு முறை மருந்து சாப்பிட்டும் குறையவில்லை என்பதைத் தேதியோடு சொல்லுங்கள், மார்பக நோய்களைப் பார்க்கும் அறுவை சிகிச்சை மருத்துவருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள், ஆனால் நாளைக்கே போங்கள்.